மூன்றாவது மாடிக்கு டீ

அன்று காலை என் தம்பி ஆண்டிச்சாமி போன் செய்தது மொச்சைக்காய்க்காகத்தான்.

“அக்கா, ஒங்க பக்கம் மொச்ச வந்துருச்சா?”

“வந்துருச்சுப்பா. நேத்து கீழக்காட்டுல பறிச்சாக. கொழம்புக்கா?”

“வெள்ளிக்கெழம போடலாம்னு பாக்குறேன். ஒரு வாரமா கத்திரிக்காயத் திங்க வச்சதுல மாடியில உள்ளவுக என்னயக் கண்டாலே மொகத்தத் திருப்புறாக. மலிவா வருதுன்னு துர்கா மூட்டையோட வாங்கிப் போட்டுட்டா.”

பின்னால் அவன் மனைவி துர்காதேவியின் குரல் கேட்டது. “மதினிகிட்டயும் சொல்லியாச்சா? இன்னும் யாரு பாக்கி? பாலு பொங்குது, அதப் பாருங்க மொதல்ல.”

“கேட்டுக்கோக்கா. வீட்டுலயும் நிம்மதி இல்ல, கடையிலயும் நிம்மதி இல்ல. ரெண்டு எடத்துலயும் ஒரே ஆளுல்ல இருக்கு. நாளைக்கு நீயே எடுத்துக்கிட்டு வா. ஒன்னயப் பாத்து நாளாச்சு.”

“முட்டி வலிக்குதுப்பா. பஸ்ஸுல ஏறி எறங்க முடியல.”

“முட்டிய வீட்டுல வச்சுட்டு நீ மட்டும் வா.”

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். நான் பரளச்சியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து மொச்சைக்காயை உரித்துக்கொண்டிருந்தேன். தை கடைசி. காலையில் பனி, பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். காட்டில் கொத்தமல்லி அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் தெரு முழுக்க மல்லி வாசனை. சுளகில் பாதி நிறைந்திருக்கும்போது மறுபடி போன் அடித்தது. அவனுடைய நம்பர்தான். ஆனால் பேசியது அவனோடு வேலை பார்க்கிற தங்கச்செல்வி. “அண்ணனத் தூக்கிட்டுப் போறாக” என்று மட்டும் சொன்னாள்.

என் தம்பி வேலை பார்த்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் மதுரை ரோட்டில் இருக்கிறது அந்தக் கட்டடம். மூன்று மாடி. வாசலில் ‘பிசினஸ் சென்டர்’ என்று பெரிய போர்டு. அதன் கீழே, ‘அலுவலக அறைகள் வாடகைக்கு விடப்படும். இன்டர்நெட், ஜெனரேட்டர், உணவு மற்றும் தேநீர் வசதி உண்டு’ என்று எழுதியிருக்கும். “போர்டுல கடைசியா இருக்குற வசதி நாந்தான்க்கா” என்பான் ஆண்டிச்சாமி.

எங்கள் அய்யா அடுத்தவர் காட்டில் களை வெட்டி எங்களை வளர்த்தவர். நான் பத்தாவது வரை படித்து, சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆண்டிச்சாமி படிப்பை விட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனான். கடைசியில் அங்கே அவன்தான் சமையல் மாஸ்டர். அந்தக் கட்டடம் திறந்தபோது ஓனர் செல்வக்குமார் கூப்பிட்டு, தரைத்தளத்தின் பின்பக்கம் ஒரு சமையலறையும் பத்துப்பேர் உட்காரும் இடமும் கொடுத்தார். வாடகை வேண்டாம், ஆபீஸ் நடக்கிற நாளில் டீயும் சோறும் நிற்கக்கூடாது என்பதுதான் பேச்சு. எம்.ரெட்டியபட்டியில் இருந்த அவன் வீட்டிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடியவே ஷேர் ஆட்டோ பிடித்துப் போவார்கள்.

லிஃப்ட் கிடையாது. லிஃப்டுக்கென்று ஒரு குழியை மட்டும் விட்டு, பலகை அடித்து மூடியிருந்தார்கள். காலையிலும் சாயங்காலமும் கம்பி ஸ்டாண்டில் டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு ஆண்டிச்சாமி மாடி மாடியாக ஏறுவான். பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோகச் சொன்னால் கோபம் வந்துவிடும். “பிளாஸ்க்கு டீ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது. ஆபீஸுல இருக்கவுக சீக்காளியா?” என்பான். அதனால் முதல் மாடிக்கு ஆவி பறக்கப் போகிற டீ, மூன்றாவது மாடிக்குப் போகும்போது ஆறியிருக்கும்.

மூன்றாவது மாடியில் சோலார் கம்பெனி ஆபீஸ். கரிசல் காட்டில் கண்ணாடித் தகடு நடுவதற்கு நிலம் பார்க்கிற வேலை. அங்கே இருக்கிற விஜயபாண்டி கிளாஸைக் கையில் வாங்கியதும், “அண்ணே, சூடு பத்தலண்ணே” என்பார். “கீழ எறங்கி வாங்க தம்பி, நாக்கு வேகுற மாதிரி தாரேன்” என்பான் இவன். அவரும் இறங்கி வந்தது கிடையாது, இவனும் பிளாஸ்க் வாங்கியது கிடையாது. நான் போயிருந்த நாட்களில் இந்தப் பேச்சைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் கொடுத்துவிட்டு மேலே ஏறியிருக்கிறான். மூன்றாவது மாடிக்கு முன்னால் படி திரும்புகிற இடத்தில் ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். இரண்டாவது மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் பார்த்து, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கையைப் பிடித்துப் பார்த்தவர்கள் உள்ளேகூடக் கொண்டுபோகச் சொல்லவில்லை.

எம்.ரெட்டியபட்டி வீட்டுக்குத் துட்டி கேட்க வந்திருந்த ஷெரின் என்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு கிளாஸ்லகூட சிந்தலம்மா, ஒரு சொட்டுகூட சிந்தல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டாவது மாடிப் பிள்ளைகளுக்கு அவள்தான் மேலாள். விஜயபாண்டியும் வந்திருந்தார். பந்தலுக்குள் வரவில்லை. தெருவில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுவிட்டு அப்படியே போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஓனர் செல்வக்குமார் வந்தார். துர்காதேவி சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மகள் அனுசியா மதுரையில் நர்சிங் கடைசி வருடம். அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. செல்வக்குமார் நல்ல மனிதர். வெகுநேரம் தயங்கிக் கடைசியில் சொன்னார்.

“இத இப்பப் பேசக் கூடாதுக்கா. ஆனா பேசாம இருந்தா நாளைக்கு ஒங்களுக்குத்தான் கஷ்டம். டீயும் சோறும் உண்டுன்னு சொல்லித்தான் ரூமு விட்டுருக்கேன். பதினாறு நாள் பூட்டிக் கெடந்தா மேல ரெண்டு ரூம்காரங்க காலி பண்ணிருவாங்க. மதுரக்காரன் ஒருத்தன் ஆள் வச்சு நடத்துறேன்னு நிக்கிறான்.”

துர்கா தலை நிமிர்ந்தாள். “யாருக்கும் குடுத்துறாதீக சார். நான் வாரேன்.”

“எங்கிட்டு வார?” என்று பந்தலிலிருந்தே சத்தம் போட்டார் வெள்ளத்துரை. எங்கள் சித்தப்பா. அய்யா போன பிறகு வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர்தான் முன்னால் நிற்பார். “புருசனக் குடுத்துட்டு உக்காந்துருக்க. கருமாதி முடியாம படி தாண்டுவியா? துட்டி வீட்டு அடுப்பே எரியக் கூடாதுன்னு சொந்தக்காரன் சோறு கொண்டாந்து போடுறான். நீ போயி ஊருக்குப் பொங்கப் போறியா? தீட்டுக் கையில ஆக்குனத எவன் திம்பான்?”

அங்கே சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இதையெல்லாம் பார்க்கிறவர்கள்தான். எனக்கு அப்போதுதான் தோன்றியது.

“கட்டிக் குடுத்த பொம்பளைக்கு மூணு நாளுதான தீட்டு, சித்தப்பா? எனக்கு இன்னையோட கழிஞ்சிருது. நான் போயிப் பொங்குறேன்.”

“நீயா? ஒனக்கு முட்டி வலிக்கும்ல?”

“அடுப்புக்கிட்ட நிக்கிறதுக்கு முட்டி எதுக்கு?”

துர்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு காதுத் தோட்டைப் பற்றி வந்த மனத்தாங்கலை, இரண்டு பேரும் மறந்த மாதிரி இருப்போம், மறக்கவில்லை. “மதினி, நல்ல தண்ணி நீல டிரம்முல இருக்கும். கறுப்பு டிரம்மு போர்த் தண்ணி. டீக்கு அத ஊத்திறாதீக, பாலு திரிஞ்சிரும்” என்றாள். அவள் சரி என்று சொன்னது அப்படித்தான்.

மறுநாள் விடிகாலையில் தங்கச்செல்வியோடு போய்க் கதவைத் திறந்தேன். பால் சட்டி கழுவாமல் கிடந்தது. அவன் துண்டு ஆணியில் தொங்கியது. அதைத் தொடவேண்டாம் என்று நினைத்தேன், தங்கச்செல்வியும் தொடவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். அமைப்பாளர் என்றுதான் பேர். சமையல்காரம்மா வராத நாளெல்லாம் நான்தான் கரண்டி பிடித்தது. நாற்பது ஐம்பது பேருக்குப் பொங்குவது எனக்குப் பெரிய காரியமில்லை. சாம்பார் வைத்து, முட்டை அவித்து, உருளைக்கிழங்கு மசித்தேன்.

மத்தியானம் எல்லாரும் பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். தட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தார்கள். துட்டி வீட்டில் சாப்பிடுகிற மாதிரி யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஷெரின் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா, நீங்க சத்துணவா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“இந்தச் சாம்பார எட்டாப்பு வரைக்கும் தின்னுருக்கேம்மா. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.”

பக்கத்தில் ஒரு பையன் கொல்லென்று சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்தினான். கொரியர் ஆபீஸ்காரர் ஒருவர், மீசையெல்லாம் நரைத்தவர், தட்டை நீட்டி, “ஆயாம்மா, அவனுக்கு மட்டும் முட்ட பெருசா வச்சுருக்கீக” என்றார். அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. “சாப்பிடுறதுக்கு முன்னாடி பிரேயர் சொல்லலியே” என்றான் ஒருவன். “நாளைக்கி வீட்டுல இருந்து தட்டு எடுத்துட்டு வரணுமா?” என்றான் இன்னொருவன். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் ஆறுதல். பிள்ளைகளுக்குப் பொங்கிய கை, காரம் போடப் பயப்படும். உப்பையும் குறைத்துத்தான் போடும். இது வளர்ந்த ஆட்கள் சாப்பிடுகிற இடம் என்பது கைக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் தங்கச்செல்வி இதை அப்படியே துர்காவிடம் நடித்துக் காட்டினாள். நரைத்த மீசை முட்டைக்குச் சண்டை போட்டதைச் சொன்னபோது துர்கா சிரித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். துட்டிக்கு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “வேல பாக்குற ஆளுக மதினி. ஒறப்பு இல்லேன்னா மத்தியானம் தூங்கிருவாக. வத்தல எண்ணிப் போடாதீக, அள்ளிப் போடுங்க. சாம்பாருக்கு எறக்கும்போது ஒரு கட்டி வெல்லம். அவுக அப்படித்தான் செய்வாக, யார்கிட்டயும் சொல்ல மாட்டாக.”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் சொல்ல, மறுநாள் நான் செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பு அவன் குழம்பு மாதிரி ஆனது. கூட்டமும் குறையவில்லை. வெள்ளிக்கிழமை மொச்சை போடச் சொன்னாள். அன்று நான் உரித்துப் பாதியில் விட்டது சுளகிலேயே சுருங்கிப்போய், எங்கள் வீட்டுக்காரர் ஆட்டுக்குப் போட்டுவிட்டார். புதிதாக வாங்கி, தங்கச்செல்வியும் நானும் உட்கார்ந்து உரித்தோம். குழம்பை ஊற்றும்போது ஷெரின் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னம்மா?”

“அன்னைக்கு அண்ணன் எங்க ரூம்ல நின்னு சொன்னாரும்மா. ‘வெள்ளிக்கெழம வீட்டுலருந்து எவளாச்சும் டிபன் பாக்ஸு கொண்டாந்தா ஒதப்பேன், எங்கக்கா மொச்ச கொண்டுட்டு வருது’ன்னு. ரொம்ப நேரம் நின்னு பேசிட்டுத்தான் மேல ஏறினாரு.”

அந்த வார்த்தையை நான் பத்திரமாகக் கொண்டுபோய்த் துர்காவிடம் சொன்னேன்.

சோறு சரியாகிவிட்டது. மூன்றாவது மாடிதான் சரியாகவில்லை. முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் தங்கச்செல்வி டீ கொண்டுபோய்விடுவாள். அதற்கு மேல் ஏறமாட்டாள்.

“அந்தத் திருப்பத்தப் பாத்தாலே எனக்கு மேலு சிலுக்குதுக்கா. கால் போக மாட்டேங்குது. என்னய வையாதீக.”

எனக்கு முதல் மாடி ஏறுவதற்கே இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. முட்டி மடங்காது. கையில் ஸ்டாண்டோடு மூன்று மாடி ஏறினால் நானும் அங்கேதான் உட்கார வேண்டும். சோலார் கம்பெனி ஆட்கள் சாப்பாட்டுக்குக் கீழே வந்தார்கள். விஜயபாண்டி அதற்கும் வரவில்லை. வீட்டிலிருந்து சோறு கொண்டுவருகிறார் என்றார்கள். டீ குடிப்பதையே விட்டுவிட்டார் என்றார்கள்.

செல்வக்குமார் வந்து என் பக்கத்தில் நின்றார். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மூணாவது மாடிக்கு மட்டும் ஒரு டீ மெஷினு வைக்கலாம்னு இருக்கேன். மதுரக்காரன் சும்மாவே வச்சுத் தாரேங்கிறான், பவுடர மட்டும் அவன்கிட்ட வாங்கணும். மத்த மாடிக்கு நீங்களே குடுங்க. திங்கக்கெழம கொண்டாந்து மாட்டிருவான்.”

அவர் உதவியாகத்தான் சொன்னார். நானும் முட்டியைத் தடவிக்கொண்டு, சரிதானே என்றுதான் நினைத்தேன். வீட்டில் வந்து சொன்னபோது துர்கா எழுந்து உட்கார்ந்தாள்.

“சரின்னுட்டு வந்தீகளா?”

“ஒண்ணும் சொல்லலத்தா. ஒரு மாடிதான?”

“மதினி, மூணாவது மாடியில பட்டன அமுக்குனா டீ வருதுன்னா ரெண்டாவது மாடிக்காரன் நம்ம டீக்குக் காத்துக் கெடப்பானா, ஒரு மாடி மேல ஏறுவானா? அப்புறம் ஒவ்வொரு மாடிக்கும் ஒண்ணு வைப்பாக. நமக்குச் சோறு மட்டும் மிஞ்சும். சோத்துல கட்டுபடி ஆகாதுன்னு அவுக எத்தன தடவ சொல்லிருக்காக. டீயிலதான் அனுசியா படிக்குது. டீ போச்சுன்னா கட போச்சு.”

தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். “திங்கக்கெழம நான் வாரேன்” என்றாள்.

திங்கட்கிழமை விடிகாலை அவள் குளித்து, பழைய நீலச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. பந்தலில் படுத்திருந்த வெள்ளத்துரை சித்தப்பா போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“ஏத்தா, என்ன இது கோலம்?”

“கடைக்குப் போறேன் மாமா.”

“ஊரு என்ன சொல்லும்? பதினாறு கழியாம படி தாண்டிட்டான்னு காறித் துப்ப மாட்டாங்களா?”

“ஊரு மூணாவது மாடிக்கு டீ கொண்டு போகுமா மாமா? போகும்னா சொல்லுங்க, நான் உள்ள போயி உக்காந்துக்கிறேன்.”

“வாயப் பாரு வாய. ஆண்டிச்சாமி எப்படித்தான் காலம் தள்ளுனானோ.” அவர் என் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா சொல்ற? கூடப் பொறந்தவ நீ. ஒந்தம்பிக்கு இது மரியாதையா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துர்காவும் பார்த்தாள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் உள்ளே போயிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

“அடுப்ப அவ தொட வேண்டாம் சித்தப்பா. டிக்காசன் போடுறது, பால் காச்சுறது, ஊத்துறது எல்லாம் நான். அவ தூக்கிட்டுப் படி ஏறப் போறா, அம்புட்டுத்தான். ஆக்குற கைக்குத்தான தீட்டு. ஏறுற காலுக்கு ஏது?”

“இப்படியெல்லாம் யாரு சொல்லிருக்கா?”

“இதுவரைக்கும் யாரும் சொல்லல. யாரு வீட்டுலயும் மூணு மாடி இல்ல.”

சித்தப்பா வெகுநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, நானும் வாரேன். அவளத் தனியா அனுப்புனோம்னு இருக்க வேண்டாம். எவனாச்சும் கேட்டா வெள்ளத்துர கூட்டிட்டுப் போனான்னு இருக்கட்டும்.”

ஷேர் ஆட்டோவில் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வழியில் ஏறிய பெண்கள் துர்காவை உற்றுப் பார்த்தார்கள். “என்னத்தப் பாக்குறீக? ஆஸ்பத்திரிக்குப் போகல, வேலைக்குப் போறோம்” என்று யாரும் கேட்காமலே சொன்னார். ரோட்டின் இரண்டு பக்கமும் மல்லி அறுத்துப் போட்டிருந்தது. அதற்குப் பின்னால் வேலிக்கருவேல், அதற்கும் பின்னால் சோலார் தகடுகள் வெயிலை வாங்கத் தொடங்கியிருந்தன.

சென்டருக்கு வந்ததும் சித்தப்பா சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “வந்ததுக்கு எனக்கொரு டீ. சீனி கம்மியா” என்றார். துர்கா அடுப்புப் பக்கம் போகவில்லை. ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து உதறி, கம்பி ஸ்டாண்டின் பிடியில் சுற்றிக்கொண்டாள். நான் ஊற்றினேன். அவள் தூக்கினாள்.

முதல் மாடிக்குக் கொடுத்தாள். இரண்டாவது மாடியில் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். “உக்காருங்கம்மா, பள்ளிக்கூடமா இது” என்றாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தேன். எதற்கு ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தங்கச்செல்வி இரண்டாவது மாடியிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் திருப்பத்தில் துர்கா நின்றாள். “இங்கயா மதினி?”

“ஆமாத்தா.”

ஸ்டாண்டைக் கீழே வைத்தாள். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. கண்ணாடி போடவில்லை, கம்பி மட்டும்தான். அது வழியாகக் காற்று வந்து அவள் முந்தானையைத் தூக்கியது. வெளியே வெகுதூரத்துக்குக் கரிசல் தெரிந்தது. அவள் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“காத்து நல்லா வருது” என்றாள். “எடம் பாத்துத்தான் உக்காந்துருக்காக.”

பிறகு குனிந்து ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

விஜயபாண்டி மேசைக்குப் பின்னால் இருந்தார். அவளைப் பார்த்ததும் நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு கிளாஸ் எடுத்துக்கொண்டார்கள். கடைசிக் கிளாஸை அவள் அவருக்கு முன்னால் நீட்டினாள். அவர் வாங்கி, நிற்காமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“நல்லாருக்குக்கா.”

“சூடு இருக்கா தம்பி?”

“இருக்குக்கா. நல்ல சூடு.”

துர்கா போகவில்லை. “சூடா இருந்த டீய இப்படி ஒரே மடக்குல குடிக்க முடியுமா? நான் திருப்பத்துல நின்னு வேற வந்துருக்கேன். பச்சத் தண்ணியாத்தான் இருக்கும்.”

அவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது. “நாந்தான்க்கா தெனமும் சூடு பத்தல, சூடு பத்தலன்னு. அதுக்குத்தான் அண்ணன் அன்னைக்கு வேகமா ஏறி...”

“யாரு, அவுகளா? வேகமாவா?” துர்காவின் குரலில் வீட்டில் அவனை வைகிற அந்தப் பழைய வேகம் வந்துவிட்டது. “நீங்க அவுகளப் பாத்ததே இல்லியா தம்பி? அவுக என்னைக்கு வேகமாப் போனாக? அன்னைக்கும் ரெண்டாவது மாடியில நின்னு ஷெரின் புள்ளகிட்ட மொச்சக் கொழம்பப் பத்தி வாயளந்துட்டுத்தான் மெல்ல ஏறிருக்காக. கேட்டுப் பாருங்க. ஒங்களுக்குச் சூடா குடுக்கணும்னு அவுக ஒரு நாளும் நெனச்சதில்ல. நெனச்சிருந்தா பிளாஸ்க்கு வாங்கிருக்க மாட்டாகளா?”

ஓரத்தில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள். விஜயபாண்டி புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

“இப்பச் சொல்லுங்க. டீ எப்படி இருந்துச்சு?”

“நல்லாருந்துச்சுக்கா.” கொஞ்சம் நிறுத்தி, அவளை நிமிர்ந்து பார்த்தார். “சூடுதான் பத்தல.”

“பத்தாதுதான். ஒங்க ஓனரு லிஃப்டுக்குக் குழியத் தோண்டிப் போட்டுட்டு மெஷினு மாட்டப் போறாராம். பவுடரு வாங்குற காசுல லிஃப்ட வைக்கச் சொல்லுங்க.”

காலிக் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு திரும்பியவள், வாசலில் கதவைப் பிடித்து நின்ற என்னைப் பார்த்தாள். “நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம் ஏறுனீக? எறங்குறது யாரு, ஒங்களயும் தூக்கிட்டுப் போகணுமா நான்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் ஸ்டாண்டு, ஒரு கையில் நான். அப்படித்தான் இறங்கினோம்.

கீழே சித்தப்பா நாற்காலியில் இல்லை. அடுப்பு முன்னால் நின்று பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். “எவ்வளவு நேரம் ஒரு மாடிக்கு?” என்று சத்தம் போட்டார்.

மெஷின்காரன் அன்று மத்தியானம் வண்டியில் வந்தான். விஜயபாண்டி கீழே வந்து செல்வக்குமாரிடம் ஏதோ பேசினார். தங்கள் ஆபீஸில் பிளக் பாயிண்டு இல்லை என்று சொன்னாராம். வண்டி திரும்பிப் போய்விட்டது. கருமாதி முடிந்த மறுநாள் துர்கா அடுப்புக்கு வந்தாள். நான் பரளச்சிக்கு வந்துவிட்டேன். தங்கச்செல்வி இப்போது ஸ்டாண்டோடு மூன்றாவது மாடி வரைக்கும் ஏறுகிறாள், திருப்பத்தில் மட்டும் ஜன்னலைப் பார்க்காமல் போய்விடுகிறாள். அனுசியா படிப்பை முடித்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில், காய் இருக்கிற காலத்தில், மொச்சை நான்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

எப்போதாவது நானே எடுத்துக்கொண்டு போகிறேன். போன வாரம் போயிருந்தேன். லிஃப்டுக்கு விட்ட குழி பலகை அடித்தபடியேதான் கிடக்கிறது. துர்கா பிளாஸ்க் வாங்கவில்லை. மூன்றாவது மாடிக்கு டீ ஆறித்தான் போகிறது.